லாபம், ரெண்டு, மூணு

"லாபம்... ரெண்டு... மூணு... நாலு..."

சிம்மக்கல்லில் லாரியிலிருந்து மூட்டை இறக்கும் இரைச்சலுக்கு நடுவே பேயாண்டி எண்ணிக்கொண்டிருக்கிறார். வலது கண்ணில் கறுப்பு லென்சு. இடது கண்ணை இறுக்கி மூடியிருக்கிறார். கையில் டம்ளர் வாயளவு பித்தளைத் தகடு ஒன்று. அதன் விளிம்பில் ஊசிமுனையால் கீறிய கோடுகள். ஒரு சொல்லுக்கு ஒரு கோடு என்று கட்டைவிரல் நகம் நகர்கிறது. இந்த நேரம் பார்த்துக் கடைப்படி ஏறி, "அண்ணே, நம்ம கடியாரம் ஆச்சா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். போன வாரம் நான் கேட்டேன். அவர் மனைவி செல்லத்தாய் கையில் கரண்டியோடு உள்ளேயிருந்து வந்து, "அவுக எண்ணுறது தெரியலையா? செத்த வாயை மூடிக்கிட்டு நில்லுங்கண்ணே!" என்று என்னை வெயிலுக்கே திருப்பி அனுப்பினார். பத்திரிகைக்காரன் என்றால் இந்த ஊரில் கொஞ்சம் மரியாதை உண்டு என்று அதுவரை நினைத்திருந்தேன்.

எண்ணும்போது பேயாண்டியின் வாயில் 'ஒன்று' வராது. எழுமலைப் பக்கம் களத்தில் நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம் என்பார்கள். அடுத்தது ரெண்டு, மூணு என்று போகும். இருபது வயதுவரை மரக்கால் பிடித்த கை இவருடையது. களத்தை விட்டு வந்து இருபத்து நாலு வருஷம் ஆகிவிட்டது. லாபம் மட்டும் வாயை விட்டுப் போகவில்லை. சட்டைப் பித்தானை எண்ணினாலும் லாபம். ஓட்டலில் எத்தனை இட்லி சாப்பிட்டீர்கள் என்று சர்வர் கேட்டால், இலையைப் பார்த்துக்கொண்டு, "லாபம், ரெண்டு, மூணு" என்கிறார். சர்வர் என் முகத்தைப் பார்க்கிறான்.

நெல் அளந்தவர் கடிகாரத்துக்கு எப்படி வந்தார் என்று கேட்டேன்.

"எங்க கெணத்துல பம்புசெட்டு வச்சாக. தண்ணி எறைக்கிற கமலை மாடு ரெண்டையும் வித்துட்டாக. மாட்டோட சேத்து எனக்கும் வேலை போச்சு. இரும்பு வேலை கத்துக்கலாம்னுதேன் மதுரைக்கு வந்தேன். பித்தளை வந்து ஒட்டிக்கிருச்சு. அம்புட்டுத்தேன் கதை."

கடைப் பலகையில் 'பே. ஆண்டி, கடிகார வேலை' என்று இருக்கும். முழுப் பெயரை எழுதப் பெயிண்டர் மறுத்துவிட்டாராம். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா கடை வாசல்ல பேயின்னு எழுதச் சொல்றீகளேன்னு கும்பிடு போட்டுட்டான்" என்று சொல்லிச் சிரிக்கிறார். அதனால் பாதிப்பேர் இவரை ஆண்டியண்ணே என்றுதான் கூப்பிடுகிறார்கள். இவரும் திருத்துவதில்லை.

கடையில் மோட்டார் கிடையாது. கடைசல் வேலைக்கு ஒரு வில் வைத்திருக்கிறார். மூங்கில் குச்சியை வளைத்துக் குதிரைவால் முடியைக் கட்டியது. எந்தக் குதிரை என்றால், ரயிலடி ஜட்கா வண்டிக் குதிரை. "குதிரைக்காரருட்ட கேட்டேன், குதிரைட்ட கேக்கல" என்கிறார். அந்த முடியை அச்சில் ஒரு சுற்றுச் சுற்றி இடது கையால் வில்லை ஏற்றி இறக்கினால் அச்சு முன்னும் பின்னுமாகச் சுழல்கிறது. வலது கையில் உளி. முன்னால் சுழலும்போது உளி தொடும், பின்னால் சுழலும்போது விலகும். இரண்டு கையும் இரண்டு வேலை பார்க்க, வாய் மூன்றாவதாக என்னோடு பேசிக்கொண்டிருக்கும். கரண்டு போய்விட்டால் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எழுந்து வாசலுக்கு வந்து கரண்டு ஆபீசைத் திட்டுவார்கள். பேயாண்டிக்குக் கரண்டு போனதே தெரியாது.

சக்கரத்துக்குப் பல் வெட்டுவது அரத்தால். ஊசி மாதிரி மெல்லிய அரங்கள் ஏழு. சக்கரத்தின் விளிம்பு அளவுக்குக் காகித நாடா ஒன்றை வெட்டி, கவராயத்தால் அதைச் சமபாகமாகப் பிரித்து, நாடாவைத் திரும்பவும் விளிம்பில் சுற்றிக் கோடு கீறுவார். பிறகு ஒவ்வொரு கோடாக அராவ வேண்டும். அறுபது பல் என்றால் ஒரு முழு நாள். அராவி முடிந்ததைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார். "ரசத்துக்குன்னு வாங்குற புளி சக்கரத்துக்குப் போகுது. சக்கரம் பளபளன்னு இருக்கு, ரசந்தேன் வெளங்கல" என்பது செல்லத்தாயின் குறை.

மார்கழி பிறந்தால் மனுஷனுக்குக் கோபம் வந்துவிடும். ஊரில் பாதிப்பேர் கடிகாரத்துக்குத் தேங்காயெண்ணெய் விடுகிறார்கள். பனிக்கு எண்ணெய் உறைந்து, காலையில் கடிகாரம் நின்றுவிடுகிறது. அதைத் தூக்கிக்கொண்டு வருகிற ஒவ்வொருவரையும் நிற்கவைத்து, "தலைக்குத் தேய்க்கிறத இது வாயில ஊத்துனா இது என்ன செய்யும்?" என்று கேட்கிறார். போன மார்கழியில், அதாவது 1979 டிசம்பரில், அப்படி நிற்கவைக்கப்பட்டவர்களில் நானும் ஒருவன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டேன். உண்மையில் விட்டது நான்தான்; வீட்டுக்காரி மேல் பழியைப் போட்டேன்.

இன்னும் இரண்டு பிடிவாதங்கள் உண்டு. முள்ளை விரலால் சுற்றி மணி அடிக்கவைத்துச் சோதிப்பது இவரிடம் கிடையவே கிடையாது. "நாம தள்ளி அடிச்சா அது நாம அடிச்ச மணி. அதுவா அடிக்கணும்." ஆகவே எந்தக் கடிகாரமும் ஒரு பகல் ஒரு ராத்திரி இவர் சுவரில் தொங்கி, பன்னிரண்டு மணியையும் தானாக அடித்துக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். அந்த இரண்டாவது பிடிவாதத்தை ஒரே ஒரு தடவை தளர்த்தினார். அதன் விளைவை நான் கண்ணால் பார்த்தேன்.

என் கடிகாரத்தை வாங்க நான் இரண்டாம் தடவை போயிருந்த அன்று, காலை பத்தரை மணி இருக்கும், திருமங்கலத்து வீரணன் வந்தார். அங்கே ஒரு பருத்தி ஜின்னிங் மில்லில் கேட் காவல். முப்பத்தைந்து வயது, நல்ல உயரம். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அண்ணே, ஒரு ஒத்தாசை. இங்கிட்டு ஏதாச்சும் ஒரு கடியாரம் மணி அடிக்குமுல்ல, நான் எண்ணிச் சொல்றேன். சரியா எண்ணுறேனான்னு மட்டும் நீங்க பாத்துச் சொல்லுங்க."

"எதுக்கு மாப்ள?"

"சொல்லுங்கண்ணே. பெறகு சொல்றேன்."

பதினோரு மணி ஆயிற்று. பேயாண்டியின் சுவரில் அப்போது நாலு மணிக்கடிகாரங்கள். ஒன்றன்பின் ஒன்றாக அடித்தன. வீரணன் கண்ணை மூடிக்கொண்டு விரலை மடக்கி எண்ணினார். முதலாவதுக்குப் பதினொன்று. இரண்டாவதுக்குப் பதினொன்று. மூன்றாவதுக்கும் அதே. நாலாவது அடித்து ஓய்ந்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இது... இது பத்துத்தேன் அடிச்ச மாதிரி இருக்குண்ணே."

"பத்துத்தேன். அது கோளாறுக் கடியாரம், இன்னும் கை வைக்கல. நீ எண்ணுனது அம்புட்டும் சரி. இப்பச் சொல்லு, என்ன ஆச்சு?"

வீரணன் அப்போதுதான் உட்கார்ந்தார்.

மில்லின் கடிகாரம் ஆபீஸ் கூடத்துக்குள் மாட்டியிருக்கிறது. கேட்டிலிருந்து முகம் தெரியாது, மணிதான் கேட்கும். எட்டு அடித்ததும் கேட்டை அடைக்க வேண்டும்; அடைத்தால் மத்தியானம்வரை யாருக்கும் திறக்கக்கூடாது. ஒன்பது வருஷமாக வீரணன் காதை வைத்துத்தான் அந்தக் கேட்டை அடைக்கிறார். அந்த மணிதான் பழுதாகிப் பேயாண்டியிடம் வந்திருந்தது. முதலாளி மறுநாள் வருகிறார், கடிகாரம் இன்றைக்கே வேண்டும் என்று மேனேஜர் அவசரப்படுத்த, வீரணன்தான் வந்து வாங்கிப்போனார். பன்னிரண்டும் ஒன்றும் இரண்டும் இங்கே சரியாக அடித்தன. அதோடு போர்வையில் சுற்றி, மடியில் வைத்து, பஸ்ஸில் கொண்டுபோய் மாட்டியாயிற்று. மில் ஆறு மணிக்கே அடைத்துவிடும்; ராத்திரி ஏழையும் எட்டையும் கேட்க அங்கே ஆள் இல்லை.

"மறுநா காலையில எட்டு அடிச்சுச்சுண்ணே. நான் எண்ணித்தேன் அடைச்சேன். அடைச்சுக்கிட்டு நிக்கிறேன், பொம்பளையாளுக ஒவ்வொண்ணா வாராக. அறுவது பேரு. மணி இன்னும் ஆகலைங்கிறாக. எட்டு அடிச்சாச்சு, போங்கன்னு விரட்டிட்டேன். அம்புட்டுப் பேரும் வையிறாக. பாதிப்பேரு ஊருக்கே திரும்பிட்டாக. மேனேஜரு வந்து பாக்குறாரு, அப்பத்தேன் நெசமாவே எட்டு ஆகுதாம். முதலாளி வந்து நிக்கையில மிசினு ஓடல. மேனேஜரு குடிச்சிருக்கியாடான்னாரு. நான் அதைத் தொடுறதே இல்லைண்ணே. அந்நேரம் பாத்து மணி அடிக்குது, அதையும் எண்ணுனேன். ஏழுதேன் அடிச்சுச்சு. ஏழுன்னு அவருட்டயே சொன்னேன். கிறுக்குப் பயலே, போடான்னு சட்டையைக் கழட்டி வாங்கிட்டாரு. மணியே வேண்டாம்னு அடிக்கிற சுத்தியல்லயும் துணியச் சுத்திக் கட்டிப்புட்டாரு."

தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். "சோலி போனதுகூடப் பெருசில்லண்ணே. எனக்கே என் மேல பயம் வந்துருச்சு. வீட்டுல முருகம்மா வேப்பெலை அடிச்சு, திருநீறு போட்டு எல்லாம் பாத்துட்டா. ராத்திரி படுத்தா விரலை எண்ணிக்கிட்டே கெடக்கேன்."

பேயாண்டி லென்சைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஏழுக்கு எட்டு. எட்டுக்கு ஏழு" என்றார். மறுபடியும், "ஏழுக்கு எட்டு" என்றார். பிறகு, "அடச் சண்டாளா" என்றார். அது தன்னைத்தான்.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீர்கள். மணி எத்தனை அடிக்க வேண்டும் என்பதை அந்த டம்ளர் வாயளவு தகடுதான் சொல்கிறது. ஒன்றிலிருந்து பன்னிரண்டுவரை கூட்டினால் எழுபத்தெட்டு. தகட்டின் விளிம்பில் எழுபத்தெட்டுக் கோடு. ஒரு கோடு எண்ணி ஒரு பள்ளம், அடுத்து இரண்டு கோடு எண்ணி ஒரு பள்ளம், அடுத்து மூன்று. தகடு சுற்றும்போது பள்ளத்தில் ஒரு நெம்புகோல் விழும், மணி நிற்கும். மற்றவை சரியான இடத்தில் இருக்க, ஏழாவது பள்ளத்தை மட்டும் ஒரு கோடு தள்ளி வெட்டிவிட்டால் ஏழு மணிக்கு எட்டு அடிக்கும். அந்த ஒரு கோடு எட்டு மணியின் பங்கிலிருந்து போனதால் எட்டுக்கு ஏழுதான் அடிக்கும். மற்ற பத்து மணியும் பிசகாது.

"அன்னைக்கு மத்த பள்ளம் அம்புட்டும் வெட்டிட்டு, கடைசியா ஏழாவதுக்கு எண்ண ஆரம்பிச்சேன்" என்றார் பேயாண்டி. "லாபம்னு சொன்னேன். நீ படியில வந்து நின்னு, இன்னைக்கே வேணும்ணே, மேனேஜரு கொதிக்கிறாருன்ன. உங்கிட்ட நாலு வார்த்தை பேசிட்டு மறுபடி குனிஞ்சேன். லாபம் சொல்லியாச்சேன்னுட்டு, அடுத்த கோட்டை ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டுப் போயிருக்கேன்."

ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற நீங்களும் நானும் தலைகீழாக நின்றாலும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது.

வீரணனுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. "அப்ப எனக்குக் கிறுக்கு இல்லையாண்ணே?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, முகத்தைத் துண்டில் பொத்திக்கொண்டு பெருங்குரலெடுத்து அழுதுவிட்டார். வெளியே மூட்டை இறக்குகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் தேங்காயெண்ணெய்க் கடிகாரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

செல்லத்தாய் தண்ணீர்ச் செம்போடு வந்து, "ஏங்க, கம்பி தளந்து போச்சுன்னு சொல்லி மாத்திக் குடுத்துட்டு வாங்களேன். ஊரு பூராம் நம்ம பேரு கெடணுமா?" என்றார்.

"கம்பி தளந்தா கண்டபடியில்ல அடிக்கும். இவன் சொன்ன நேரத்துல மட்டும் தளந்துச்சாக்கும்னு அந்த மேனேஜரு கேப்பாரு. வெட்டுனவன் நான், தப்பு என்னுதுன்னு தகட்டைக் கையில குடுத்தாத்தேன் இவனை உள்ள விடுவாரு. நீ வாசல்ல உக்காரு. நான் எண்ணி முடிக்கிற வரைக்கும் ஒரு பய வாயைத் தொறக்கக் கூடாது."

செல்லத்தாயின் வாசல் காவல் அன்று ஆரம்பித்ததுதான்; இன்றுவரை ஓயவில்லை. சாயங்காலத்துக்குள் புதுத் தகடு தயாராகிவிட்டது.

மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் மூவரும் திருமங்கலம் போனோம். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானே ஏறிக்கொண்டேன்.

ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. அந்தச் சம்பவத்திலிருந்து மேனேஜரே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டில் நிற்கிறாராம். கேட் அடைத்துவிடும் என்ற பயத்தில் பெண்களும் விடிந்ததும் வந்து குந்தியிருந்தார்கள். வீரணனைப் பார்த்ததும் அழகம்மாள் என்ற வேலைக்காரப் பெண், "வந்துட்டாருய்யா எட்டு மணிக்காரரு!" என்றார். வீரணன் தலையைத் தூக்கவில்லை.

"இவனை எதுக்குக் கூட்டிக்கிட்டு வந்தீங்க?" என்றார் மேனேஜர்.

"ஒரு பத்து நிமிசம் சார். அந்தத் துணியை அவுத்துட்டு, ஏழு மணியை அதுவா அடிக்க விடுங்க. எல்லாரும் எண்ணுங்க. பெறகு நீங்க என்ன சொன்னாலும் சரி."

மேனேஜருக்கு இஷ்டமில்லை. ஆனால் அறுபது பெண்கள் ஏற்கெனவே கூடத்து வாசலில் நெருக்கிக்கொண்டு நின்றுவிட்டார்கள். சுத்தியலின் துணி அவிழ்ந்தது. நானும் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்; சரியாக ஏழு. மணி அடிக்க ஆரம்பித்தது. ஐந்துவரை மனதுக்குள் எண்ணிய பெண்கள் ஆறிலிருந்து வாய்விட்டே எண்ணினார்கள்.

"ஆறு! ஏழு!" கொஞ்சம் இடைவெளி. "எட்டு!"

"அடப்பாவி, எட்டுல்ல அடிக்குது!" என்று கத்தினார் அழகம்மாள்.

மேனேஜர் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். பேயாண்டி கும்பிட்டார். "தப்பு என்னுது சார். இந்தத் தகட்டை வெட்டுனது நான். லாபம்னு எண்ணிட்டு, பேச்சு வாக்குல மறுபடி ஒண்ணுன்னு ஆரம்பிச்சுட்டேன். இந்த ஆளு எண்ணுனது சரி."

"லாபமா? என்ன லாபம்? யாருக்கு லாபம்?" மேனேஜர் டவுனில் பிறந்து வளர்ந்தவர்.

பெண்களுக்குப் புரிந்துவிட்டது. முன்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது அப்படியே பின்வரிசைவரை பரவிற்று. களத்துமேட்டில் வளர்ந்த அறுபது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "மொத மரக்காலு லாபம் சார்! ஒண்ணுன்னு சொல்லமாட்டோம்!" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் அவருக்கு விளக்கினார்கள். "லாபத்தையும் அளந்து, ஒண்ணையும் அளந்தா, மரக்காலு ஒண்ணு கூடத்தான செய்யும்!" அழகம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீரணனிடம் போய், "உன்னைய என்னென்னவோ வஞ்சுட்டேன்யா. மனசுல வச்சுக்கிறாத" என்றார்.

மேனேஜர் சிரிக்கவில்லை. ஆனால் மூன்று நாளாகப் பனியில் கேட்டைக் காத்தவர் அவர்; அந்த முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை மறைக்க முடியவில்லை. ஆபீசுக்குள் போய்க் காக்கிச் சட்டையை எடுத்துவந்து வீரணன் மேல் எறிந்தார்.

"போட்டுக்கிட்டுப் போய் நில்லு. எட்டுக்கு அடைக்கணும்."

பேயாண்டி கடிகாரத்தை இறக்கி, பின்பலகையைக் கழற்றி, ஒரே திருகாணியைச் சுழற்றிப் பழைய தகட்டை எடுத்துப் புதுசை மாட்டினார். அரைமணி நேர வேலை. மேனேஜரின் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் வைத்து, ஊசலைத் தட்டிவிட்டார். இந்தத் தகடு சுவரில் ஒரு மணிகூட அடித்துப் பார்க்காத தகடு. அடுத்தது எட்டு. அவர் கழுத்தில் வேர்த்திருந்தது, அந்த மார்கழிக் காலையில்.

எட்டு மணிக்கு மணி அடிக்கத் தொடங்கியபோது பெண்கள் எல்லோரும் உள்ளே வேலைக்குப் போயிருந்தார்கள். வீரணன் கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்து நின்றார். உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. மணி ஓய்ந்தது. நான் எண்ணியது எட்டு.

வீரணன் கேட்டை இழுக்கவில்லை. கை தாழ்ப்பாளிலேயே இருந்தது. முகத்தில் அந்த மூன்று நாள் பயம் அப்படியே திரும்பி வந்துவிட்டது. மில் முற்றத்தைத் தாண்டிக் கூடத்துப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

கூடத்துப் படியில் நின்ற பேயாண்டி ஆயுதப் பையைக் கீழே போட்டார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். கட்டைவிரல் இரண்டையும் மடக்கி, பித்தளைத் தூள் படிந்த எட்டு விரல்களையும் அகல விரித்தார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும்வரை அந்தக் கைகளை அவர் இறக்கவில்லை.